பெடலை ஓஃப் பண்ணுங்க மச்சான்

போன வருஷம் ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா. ராத்திரி பத்தரைக்கு நம்ம கூட்டாளிங்க பேண்ட் மேடை ஏறுச்சு. சினிமாப் பாட்டு நாலு, அதுக்குப் பிறகு சொந்தப் பாட்டு ஒன்று. மூணு மாசம் உட்கார்ந்து எழுதின பாட்டு. லயத்துக் காம்பரா, விடியக் காலைப் பெரட்டு, கொழுந்து எடுக்கப் போற அம்மா, இதெல்லாம் உள்ள பாட்டு. வரிகளை நான் முன்னாடியே வாசிச்சிருந்தேன். நல்ல வரிகள்.

மேடையில என்ன நடந்தது? ரெண்டு கிட்டார், ரெண்டுலயும் டிஸ்டோர்ஷன். மிக்சர்ல நின்ற தம்பி தன் பங்குக்கு எக்கோவைத் திருகி விட்டார். எங்க காதுக்கு வந்து சேர்ந்தது, பாரம் ஏத்தின லொறி ஒன்று முதல் கியர்ல வளைவு ஏறுற சத்தம். அஞ்சு நிமிஷம் லொறி ஏறிக்கிட்டே இருந்தது. முன்வரிசையில பாயில உட்கார்ந்திருந்த பெரியம்மா பாட்டு முடிஞ்சதும் பாடினவனைக் கூப்பிட்டு, "நல்லாத்தான் கத்துனீங்க தம்பி, என்ன பாட்டுடா அது?" என்று கேட்டாங்க. முப்பது வருஷமா கொழுந்து எடுக்கிறவங்க அவங்க. பாட்டே அவங்களைப் பற்றித்தான்.

அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில ஆரம்பிச்ச சண்டை இன்னும் முடியல. அந்தப் பாட்டைக் கிளீன் டோன்ல வாசிச்சிருக்கணும் என்று நான் சொன்னேன். சிரிச்சாங்க. "கிளீன் டோனா? அது டியூஷன் கிளாஸ் டோன் மச்சான்." "கோயில்ல பஜனை வாசிக்கச் சொல்றான்." "ரொக் என்றா கோபம் வேணும்." அங்கே வாயால சொல்லி ஜெயிக்க முடியல. அதனால எழுதுறேன். சொந்த வார்த்தையில பாட வர்ற ஒரு தமிழ் பேண்டுக்கு, அதிலும் மலையகத்துல இருந்து வர்ற பேண்டுக்கு, முதல்ல கைவர வேண்டியது சுத்தமான, சலங்கை மாதிரி கலகலக்கிற கிட்டார். டிஸ்டோர்ஷன் அதுக்குப் பிறகு வரட்டும். இதைச் சொல்றதால எனக்கு மெட்டல் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். ஸ்டிக்மாட்டா கேட்டு வளர்ந்தவன் நானும்தான். ஆனா அவங்க கையில அந்தச் சத்தம் ஒரு முடிவு. நம்ம கையில அது ஒரு போர்வை.

எதை மூடுற போர்வை? சுருதி சேராத கம்பியை. பாதி அழுத்தின விரலை. சரியா விழாத தாளத்தை. டிஸ்டோர்ஷன் என்றது சத்த அலையோட மேல் நுனியையும் கீழ் நுனியையும் வெட்டித் தட்டையாக்குறது. மெதுவா அடிச்சாலும் பலமா அடிச்சாலும் கிட்டத்தட்ட ஒரே உயரம். அதனாலதான் அது வாசிக்கிறவனுக்குச் சுகமா இருக்கு: பிழை தெரியாது. அதோட, ஒரே நேரத்துல ரெண்டு மூணு சுரத்தை அந்த வெட்டுக்குள்ள அனுப்பினா அவை ஒன்றோடொன்று கலந்து, நீங்க வாசிக்காத புதுச் சத்தங்களையும் உண்டாக்கும். மெட்டல்காரங்க முழுக் கோர்ட் பிடிக்காம ரெண்டு சுரத்து பவர் கோர்ட் பிடிக்கிறதுக்கு இதுதான் காரணம். ஸவும் பவும் மட்டும் என்றா கலவை தாங்கும். நடுவுல காந்தாரம் வந்தா சேறாகிடும். நம்ம பையன்கள் மைனர் செவன்த் கோர்ட்டை முழுசாப் பிடிச்சு, டிஸ்டோர்ஷனையும் முழுசாத் திறந்து வைக்கிறாங்க. சேறு வராம என்ன வரும்?

இன்னொன்று. பேச்சுல ஒரு வார்த்தையை இன்னொரு வார்த்தையில இருந்து பிரிச்சுக் காட்டுறது பெரும்பாலும் மெய்யெழுத்துதான். 'பட்டி'யா 'பத்தி'யா என்று காது கண்டுபிடிக்கிற இடம் ஏறக்குறைய 2,000 இலிருந்து 4,000 ஹேர்ட்ஸ் வரைக்கும் உள்ள பகுதி. டிஸ்டோர்ஷன் போட்ட கிட்டார் அந்த இடத்தில ஒரு இடைவெளி விடாம மதில் கட்டிடும். கிளீன் கிட்டாரும் அதே இடத்தில்தான் மின்னும், இல்லை என்று சொல்லல. ஆனா அது அடிச்ச நொடியில மின்னி உடனே தணியும். தணியிற இடைவெளியில பாடகனுக்கு ஒரு அசை கிடைக்கும். பெரியம்மாவுக்கு ஒரு வார்த்தை கிடைக்கும்.

இங்கிலீஷ்ல இந்த டோனுக்கு 'ஜேங்கிள்' என்று பேர். 1964 பெப்ரவரியில பீட்டில்ஸ் அமெரிக்கா போனப்போ ஜோர்ஜ் ஹரிசன் கைக்கு ரிக்கன்பேக்கர் கம்பெனி ஒரு பன்னிரண்டு கம்பி எலக்ட்ரிக் கிட்டார் வந்தது. 'எ ஹார்ட் டேஸ் நைட்' தொடங்குற அந்த ஒரே கோர்ட்ல அது ஒலிக்கும். அந்தப் படத்தைத் தியேட்டர்ல பார்த்த ரொஜர் மக்குவின் தானும் ஒன்று வாங்கினார். 1965 ஜனவரியில பேர்ட்ஸ் குழு பொப் டிலனோட 'மிஸ்டர் டம்பரின் மேன்' பாட்டைப் பதிவு செஞ்சது. அந்தப் பாட்டுக்குள்ள இருக்கிற ஒரு சொல்தான் பிறகு இந்த டோனுக்கே பேராகிப் போச்சு. அந்தப் பதிவுல ரகசியம் என்று ஒன்று இருந்தா அது கம்பிரஸர். அந்தக் கிட்டாரோட சத்தம் சீக்கிரம் அடங்கிடும். ரெக்கோர்டிங் எஞ்சினியர் கம்பிரஸரைப் போட்டு அடியின் உச்சத்தை அமுக்கி, அடங்குற வாலை மேல தூக்கி விட்டார். மணி அடிச்ச மாதிரி நின்று ஒலிச்சது.

அதுக்குப் பிறகு 1983. அமெரிக்காவில ஆர்.ஈ.எம். குழுவோட 'மர்மர்', பீட்டர் பக் ரிக்கன்பேக்கர்ல ஒவ்வொரு கம்பியா உதிர்த்து வாசிச்ச தட்டு. இங்கிலாந்துல மான்செஸ்டர் பையன்கள் ஸ்மித்ஸ், அவங்களோட 'திஸ் சார்மிங் மேன்'. ஜொனி மார் அதில பல கிட்டார்களை அடுக்கி அடுக்கி ஒரே கிட்டார் மாதிரி ஆக்கியிருப்பார். 'ஆல்டர்நேட்டிவ்' என்று இன்றைக்கு நாம சொல்ற கிளீன் டோனுக்கு இந்த ரெண்டு பேர்தான் தாய்வீடு.

அதே 1983 ஜூலையில மாத்தளையில என்ன எரிஞ்சது என்று வீட்டுல வயசானவங்களைக் கேளுங்க. நான் இதைச் சும்மா இழுத்து வரல. கடையில என் கூட்டாளி ஒருத்தன் முகத்துக்கு நேரே கேட்டது இதைத்தான்: "நம்ம கதைக்கு இந்த மினுக்குற டோன் எப்படிடா பொருந்தும்? நாம கோபப்பட வேண்டிய ஆளுங்க." நல்ல கேள்வி. இந்தச் சண்டையில இருக்கிற ஒரே நல்ல கேள்வி அதுதான். அதனால அதுக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்றேன்.

கோபம் சத்தத்துல இருக்கு என்றது நாம கேசட்டும் யூடியூபும் பார்த்துக் கற்றுக்கொண்டது. நம்ம ஊர்ல கோபத்தையும் துக்கத்தையும் எப்படிச் சொன்னாங்க? ஒப்பாரி கேட்டிருப்பீங்க. செத்தவரைப் பற்றிச் சொல்ற சாக்குல, உயிரோட இருக்கிற தொரையையும் கங்காணியையும் புருஷனையும் பேர் சொல்லாம வாங்கு வாங்கென்று வாங்குவாங்க. ஒரு வார்த்தை தப்பாது. மாசியில காமன் கூத்து நடக்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்க. ஆட்டம் தொடங்க முன்னாடி தப்புக்காரர் என்ன செய்றார்? சருகைக் கொளுத்தி, தப்பைத் தீயில காய்ச்சுறார். தோல் முறுகி, விரல் நுனி பட்டாலே 'டணீர்' என்று கேட்கிற வரைக்கும் அவர் அடிக்கத் தொடங்க மாட்டார். மழைக்காலம் என்றா நடுவுல நிறுத்திட்டு மறுபடி காய்ச்சுவார். டோன் என்றது நமக்கு வெளிநாட்டுச் சரக்கு இல்ல. அந்த மனுஷன் கையில இருக்கிறது சரியான டோன் அறிவு: தோல் தளர்ந்து தொம்தொம் என்று கிடந்தா அடிக்காதே. எவ்வளவு பலமா அடிக்கணும் என்றது அதுக்குப் பிறகுதான். நாம பையில இருந்து கிட்டாரை எடுக்கிறோம், சுருதி கூடச் சரியாப் பார்க்காம பெடலை மிதிக்கிறோம். தாத்தா பார்த்தா என்ன சொல்லுவார்?

ஸ்மித்ஸ் பாட்டுகளும் அப்படித்தான். கிட்டார் வெயில்ல நனைஞ்ச மாதிரி இருக்கும். வார்த்தை கத்தி மாதிரி இருக்கும். ரெண்டும் ஒன்றுக்கொன்று எதிரா இழுக்கிறதாலதான் அது குத்துது. மினுக்கம் என்றா சந்தோஷம் என்று யார் சொன்னது?

இனி அடுத்த குற்றச்சாட்டு: "இது வெள்ளைக்காரன் டோன்." அப்போ டிஸ்டோர்ஷன் என்ன யாழ்ப்பாணத்துல செஞ்சதா? சரி, குதர்க்கம் வேணாம். இந்தத் தீவுல எலக்ட்ரிக் கிட்டார் கிளீனாத்தான் கால் வச்சது. அறுபதுகள்ல மூன்ஸ்டோன்ஸ் குழுவோட கிளாரன்ஸ் விஜேவர்தன, சிங்கள மெல்லிசைக்குள்ள எலக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டு வந்தவர் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ற பேர். பழைய பாட்டைத் தேடிக் கேட்டுப் பாருங்க. ஒவ்வொரு சுரமும் தனித்தனியா மணி மாதிரி விழும். நம்ம பக்கத்துல நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார், ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி' பாடினார். வார்த்தைதான் ராஜா. அதனாலதான் அம்பது வருஷம் கழிச்சும் கலியாண வீட்டுல எல்லா வயசுக்காரங்களும் சேர்ந்து பாடுறாங்க. கிட்டார் வார்த்தைக்கு மேல ஏறி உட்கார்ந்திருந்தா யாருக்கு இன்றைக்கு வரி ஞாபகம் இருக்கும்?

இளையராஜாவைச் சொல்லாம எப்படி விடுறது? 1980இல 'மூடுபனி', 'என் இனிய பொன்நிலாவே'. எடுத்தவர் மட்டக்களப்பு அமிர்தகழியில பிறந்த பாலு மகேந்திரா. ரெண்டு வருஷம் கழிச்சு 'பயணங்கள் முடிவதில்லை', 'இளைய நிலா'. நம்ம அப்பாமார் காலத்துல கிட்டார் தூக்கின ஒவ்வொருத்தரும் முதல்ல பழக ஆசைப்பட்டது இந்த ரெண்டையும்தான். அந்தக் கிட்டார்ல எந்தக் கம்பி எப்போ ஒலிக்குது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அப்பாவுக்குக் கிளீன் டோன் 'டியூஷன் கிளாஸ்' இல்ல, அதுதான் உச்சி.

இன்னும் ஒரு படி உள்ளே போறேன். கிட்டார் கையில இருந்தா எடுங்க. ஜி கோர்ட் பிடிங்க, மேல் ரெண்டு கம்பிகளையும் மூணாவது ஃபிரெட்ல வச்சு. அந்த ரெண்டு விரலையும் எடுக்காம, மிச்ச விரலை மட்டும் நகர்த்தி சி, பிறகு டி. கோர்ட் மாறும், ஆனா மேல ரெண்டு சுரம் அசையாம நின்று ஒலிக்கும். ஜேங்கிள் வாசிக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வேலை இது. அந்த ரெண்டு சுரம் எது? டி, ஜி. ஜியை ஆதார சுருதி என்று வச்சா பஞ்சமமும் ஷட்ஜமும். தம்புராவில சுற்றிச் சுற்றி மீட்டுற அதே ரெண்டு! தம்புராக்காரர் பாலத்துல கம்பிக்கு அடியில ஒரு நூல் வைப்பார், ஜீவா என்று அதுக்குப் பேர். அது சரியான இடத்துல உட்கார்ந்ததும் கம்பிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற மேல்சுரங்கள் எல்லாம் எழும்பிப் பளபளக்கும். ரிக்கன்பேக்கர் பன்னிரண்டு கம்பியில தேடினதும் அந்தப் பளபளப்பைத்தான்: கீழ் நாலு கம்பிக்கும் பக்கத்துல ஒரு ஸ்தாயி மேல இன்னொரு மெல்லிய கம்பி. நம்ம காது கோயில்ல சின்ன வயசுல இருந்தே இந்த டோனுக்குப் பழகித்தான் இருக்கு. மேடைக்கு ஏறினதும்தான் மறந்து போகுது.

இப்போ காசு. "அந்த டோனுக்கு ரிக்கன்பேக்கர் வேணும், வொக்ஸ் ஆம்ப் வேணும், நம்மகிட்ட எங்க இருக்கு?" 2022 மார்ச் தொடக்கத்துல 200 ரூபாயா இருந்த டொலர் மே மாசமாகும்போது 360ஐத் தொட்டது. அதுக்குப் பிறகு கண்டியில கிட்டார் கடைக்குள்ள போறவங்க விலையைக் கேட்காமலே திரும்பி வர்றது எனக்கும் தெரியும். ஆனா இந்தச் சாட்டு தலைகீழானது. விலை கூடின ஆம்ப் இல்லாமக் கெட்டுப் போறது டிஸ்டோர்ஷன் டோன்தான். வால்வ் ஆம்ப்ல வர்ற மெதுவான நொறுங்கல் மலிவு டிரான்சிஸ்டர் பெட்டியில வராது, குளவி கூடு கலைஞ்ச சத்தம்தான் வரும். கிளீன் டோனுக்கு டிரான்சிஸ்டர் ஒரு குறையே இல்ல. 1975இல ரோலண்ட் கம்பெனி விட்ட ஜேசி-120, உலகமே கிளீன் டோனுக்கு அளவுகோலா வச்சிருக்கிற ஆம்ப், முழுக்க முழுக்க டிரான்சிஸ்டர். ஜொனி மாரும் அதை வாசிச்சவர்தான். அது நமக்கு வாங்க முடியாத சாமான், சரி. ஆனா பாடம் இருக்கே: கையில காசு குறைஞ்சவனுக்கு இயற்கையா அமையிற டோன் கிளீன் டோன். மலிவு சாமானை வச்சு அது செய்ய முடியாத ஒரே வேலையைச் செய்யச் சொல்லி அழுறது நாமதான்.

அப்போ எங்க கோட்டை விடுறோம்? முதல்ல கம்பியில. அறுந்தாத்தான் மாத்துறது என்றது நம்ம பழக்கம். பழைய கம்பியில முதல்ல சாகிறது மேல்சுரங்கள்தான். வியர்வையும் இந்த மலைக்காற்றோட ஈரமும் சேர்ந்தா ரெண்டு மூணு கிழமையில ஸ்டீல் கம்பி கயிறாகிடும். செத்த கம்பியில ட்ரெபிளை எவ்வளவு திருகினாலும் இரைச்சல்தான் கூடும், மினுக்கம் வராது. வாசிச்சு முடிச்சதும் துணியால துடையுங்க. காசே இல்லையென்றா பழைய கம்பியைக் கழற்றிக் கொதி தண்ணியில பத்து நிமிஷம் போட்டு, நல்லாக் காயவச்சு மாட்டுங்க. அழுக்குக் கழன்று ஒரு நாள் ரெண்டு நாளைக்கு உயிர் வரும். ஒரு நிகழ்ச்சிக்கு அது போதும். தப்பைக் காய்ச்சுற மாதிரித்தான் என்று வச்சுக்கொள்ளுங்க.

ரெண்டாவது, யாருமே கவனிக்காத இடம்: கிட்டாரை நேரா மிக்சர்ல சொருகுறது. திருவிழா மேடையில நமக்கு ஆம்ப் கிடைக்காது, வயரை நீட்டிக் கொடுத்துட்டு நிற்போம். கிட்டார் பிக்கப் பலவீனமான சாமான். மிக்சரோட சாதாரண லைன் இன்புட் அதுக்கு ரொம்பப் பெரிய பாரம். கிட்டார் ஆம்ப் ஏறக்குறைய பத்து லட்சம் ஓம் தடையோட அதை மென்மையாப் பிடிக்கும், மிக்சர் அதைவிட எவ்வளவோ குறைஞ்ச ஓமில பிடிச்சு அமுக்கும். அமுங்கிப் போறது மேல்பக்கம், அதாவது நமக்கு வேண்டிய அதே பளபளப்பு. பத்து மீட்டர் வயர் போட்டா மிச்சமும் போச்சு. "கிளீன்ல வாசிச்சா சத்தம் செத்துக் கிடக்கு" என்று நம்ம ஆளுங்க சொல்றது பொய்யில்ல, ஆனா அதுக்குக் காரணம் டோன் இல்ல, இந்தச் சொருகல்தான். நடுவுல ஒரு டீஐ பொக்ஸ் போதும். அதுவும் இல்லையென்றா ஒரு போஸ் பெடலைக் குறுக்கே வைங்க. மிதிக்காம ஓஃப்ல வச்சாலும் உள்ளே இருக்கிற பஃபர் வேலை செய்யும். உங்க டிஸ்டோர்ஷன் பெடலுக்கு நான் சம்மதிக்கிற முதல் உத்தியோகம் இதுதான்.

பிக்கப் பற்றிச் சுருக்கமா. ஒற்றைச் சுருள் பிக்கப்தான் மினுங்கும், ஆனா கூடவே கரண்டோட 50 ஹேர்ட்ஸ் 'ம்ம்ம்'மையும் இழுத்துக்கொண்டு வரும். எர்த் இல்லாத தற்காலிக இணைப்பும் சீரியல் பல்பு அலங்காரமும் உள்ள கோயில் மேடையில அது தேனீக் கூட்டம். டிம்மருக்குப் பக்கத்துல நிற்காதீங்க, உடம்பைத் திருப்பி நின்று பாருங்க, ஒரு கோணத்துல குறையும். ஸ்ட்ராட் மாதிரிக் கிட்டார்ல சுவிட்சை ரெண்டாவது அல்லது நாலாவது இடத்துல வச்சா ரெண்டு சுருள் சேர்ந்து ஒலிக்கும். பெரும்பாலான புதுக் கிட்டார்கள்ல அந்த ரெண்டு இடத்துல இரைச்சலும் குறையும். ஹம்பக்கர் உள்ள கிட்டார் என்றா வொலியூமைக் கொஞ்சம் இறக்கி, பேஸைக் குறைச்சு வாசிங்க, நல்லாவே வரும். ஆம்ப்ல கெய்ன் குறைவு, மாஸ்டர் கூட. மிட்டை முழுசா வெட்டாதீங்க. வீட்டுல தனியா அழகாக் கேட்கும், மேடையில டிரம்ஸ் வந்ததும் காணாமப் போகும். பலமா அடிக்கும்போது ஓரத்துல லேசா நொறுங்கினா பரவாயில்ல, அது உயிர். கம்பிரஸர் இருந்தா கொஞ்சம், கோரஸ் இருந்தா அதைவிடக் கொஞ்சம்.

ரெண்டு கிட்டார் உள்ள பேண்டுக்கு ஒரு வேண்டுகோள். ரெண்டு பேரும் ஒரே இடத்துல ஒரே கோர்ட் பிடிக்காதீங்க. ஒருத்தர் ஜி, சி, டி வாசிக்கட்டும். மற்றவர் அஞ்சாவது ஃபிரெட்ல கெப்போ போட்டு டி, ஜி, ஏ வடிவத்தைப் பிடிக்கட்டும். சுரம் அதேதான், ஆனா மேல இருந்து வரும். அதோட, அடிச்சுத் தள்ளாம கம்பி கம்பியா உதிருங்க. இதுக்கு ஒரு சதம் செலவில்ல, அங்கே நல்ல கெப்போ ஒன்றைத் தவிர.

பன்னிரண்டு கம்பி ஆசைக்கும் வழி இருக்கு. எலக்ட்ரிக் கிட்டாருக்கான பன்னிரண்டு கம்பிப் பெக்கட் ஒன்று எடுங்க (வெண்கலக் கம்பி வேணாம், காந்தப் பிக்கப்புக்கு அது சரியா எடுபடாது). அதில கீழ் நாலு கம்பிக்கான மேல் ஸ்தாயி மெல்லிசுகளையும், மேல் ரெண்டு கம்பியையும் எடுத்து ஒரு பழைய கிட்டார்ல மாட்டுங்க. நாஷ்வில் டியூனிங் என்று இதுக்குப் பேர். பெக்கட்டுல மிஞ்சுற ஆறு கம்பி சாதாரண செட், அது மற்றக் கிட்டாருக்கு. ரெண்டு பேரும் ஒரே கோர்ட்டைச் சேர்ந்து வாசிச்சா பன்னிரண்டு கம்பி மேடையில நிற்கும். மூணாவது கம்பி நூல் மாதிரி இருக்கும், சுருதி ஏத்தும்போது முகத்தைத் தள்ளி வைங்க.

சவுண்ட் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. எக்கோ என்றது உப்பு. பக்தி அறிவிப்புக்கு நீங்க வைக்கிற அளவைப் பாட்டுக்கும் வைக்கிறீங்க. வேகமான பாட்டுல ஒரு அசையோட வால் அடுத்த அசைக்கு மேல விழுந்து, தமிழ் தமிழாவே இல்லாமப் போகுது. கேட்டா "ஜனங்களுக்கு இதுதான் பிடிக்கும்" என்பீங்க. ஜனங்களை யாரும் கேட்டதா எனக்குத் தெரியல. எங்க பெரியம்மா கேட்டாங்க, அதை நீங்க கவனிக்கல.

கடைசியில அந்தப் பையன்கள் ஒத்துக்கொண்டாங்களா என்றா, முழுசா இல்ல. ஒருத்தன் இன்னும் என்னை 'பஜனை' என்றுதான் கூப்பிடுறான். ஆனா பந்தயத்துக்காகவாவது ஒரு தடவை வாசிச்சுப் பார்ப்போம் என்று, போன மாசம் லயத்து முற்றத்துல உட்கார்ந்தோம். புதுக் கம்பி, ஒரு கெப்போ, ஒரு சின்ன டிரான்சிஸ்டர் பெட்டி, பெடல் பைக்குள்ள. முதல் பத்து நிமிஷம் கேவலமா இருந்தது. ஒளிய இடமில்லாததால யாருக்கு எந்த மாற்றம் தெரியாது என்று எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. ரெண்டு பேர் வெட்கப்பட்டு விரலைத் திருத்தினாங்க. அதுக்குப் பிறகுதான் பாட்டைத் தொடங்கினோம்.

பெரியம்மா வாசல்படியில உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தாங்க. ரெண்டாவது சரணம் முடிய முன்னாடி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாங்க.

"டேய் தம்பி, தலையில கூடை என்றா பாடுற? கூடையை எப்ப கண்ட நீ? பையிலதானே இப்ப கொழுந்து எடுக்கிறோம். ஈரக் கொழுந்து நிறைஞ்சா அது கூடையை விட மோசமா முதுகைப் பிடிக்கும், அதை எழுது."

பாடினவன் போனை எடுத்து அந்த வரியை அங்கேயே மாத்தினான்.